எக்ஸெல் கணக்கு தானாக சிஎஸ்வி ஆகிறது: தமிழ்ப் பெயர் கேள்விக்குறி, 7-8 கிரேடு தேதி, 0908-இல் சைபர் காணோம்

2025 ஜூன் 9, மாலை 6.15 | கம்பம்

ஏலக்காய் கடை ஆபீஸ். மூணு கம்ப்யூட்டர். ரெண்டில் எக்ஸெல், ஒண்ணில் லிப்ரே ஆபீஸ். தோட்டத்து ஆள் சம்பளம், லாட் கணக்கு எல்லாம் ஒரே ஃபைலில் ஆறு ஷீட்டாக இருந்தது. பேங்குக்கு அனுப்ப சிஎஸ்வி (கமாவால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) எடுத்தோம். மறுநாள் திறந்தால் ஒரே ஷீட்தான் இருக்கு. பார்முலா இல்லை. தமிழ், மலையாளப் பெயரெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி. கிரேடு, அதாவது காயின் மில்லிமீட்டர் அளவு, 7-8 என்று அடித்தது 07-ஆகஸ்ட் ஆகிவிட்டது. எச்எஸ்என் (சரக்குக் குறியீட்டு எண்) 0908 இப்போ 908. வைரஸா? எக்ஸெல்லை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகுமா?

2025 ஜூன் 9, இரவு 8.40 | குமுளி சாலை

வைரஸ் இல்லை. எக்ஸெல்லை எடுத்துப் போடவும் வேண்டாம், அதனால் ஒன்றும் மாறாது. முதலில் அந்த ஃபைலில் இனி எதையும் சேவ் செய்யாதீர்கள்.

நடந்தது இதுதான். சேவ் ஆஸ் கொடுத்து சிஎஸ்வி தேர்ந்தெடுத்த நிமிடமே திரையில் இருப்பது உங்கள் பழைய ஃபைல் இல்லை, அந்தப் புது சிஎஸ்விதான். திரையில் ஆறு ஷீட்டும் அப்படியே தெரியும், பார்முலாவும் வேலை செய்யும். ஆனால் அதற்குப் பிறகு கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் எல்லாம் சிஎஸ்விக்குள்தான் போகும். சிஎஸ்விக்கு ஒரு ஷீட்தான் உண்டு, அதுவும் அப்போது திறந்திருக்கும் ஷீட். பார்முலா, கலர், கட்டத்தின் அகலம் எதற்கும் அதில் இடமில்லை. மேலே மஞ்சள் பட்டையில் டேட்டா போகலாம் என்று எக்ஸெல் சொல்லும். அதை யாரும் வாசிப்பதில்லை.

நல்ல செய்தி: பழைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (எக்ஸெல்லின் வழக்கமான ஃபார்மேட்) ஃபைல் அதே ஃபோல்டரில் இருக்க வேண்டும், கடைசியாக அதில் சேவ் செய்த நிலையில். ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் பெயரின் வாலை, அதாவது புள்ளிக்குப் பிறகு வரும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், சிஎஸ்வி என்பதை, மறைத்து வைத்திருப்பதால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஐகானை உற்றுப் பாருங்கள்: சிஎஸ்வி ஐகானில் ஒரு சின்ன எழுத்தும் பக்கத்தில் ஒரு கமாவும் இருக்கும்.

2025 ஜூன் 9, இரவு 8.55 | குமுளி சாலை

வாலைத் தெரிய வைப்பது: விண்டோஸ் 11-இல் ஃபோல்டரைத் திறந்து வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். விண்டோஸ் 10-இல் வியூ பட்டையிலேயே அந்தப் பெயரில் டிக் கட்டம் இருக்கும். மூன்று கம்ப்யூட்டரிலும் செய்யுங்கள். விண்டோஸில் ஆளுக்கு ஒரு லாகின் இருந்தால் ஒவ்வொரு லாகினிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இது மறைந்திருக்கும்வரை ஃபார்மேட் தகராறு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

2025 ஜூன் 10, காலை 7.30 | போடி

பழைய ஃபைல் கிடைக்காவிட்டால்? கேள்விக்குறியை மறுபடி தமிழாக்க ஏதாவது கன்வெர்ட்டர் இருக்கா? இங்கே இன்னொரு ஆபீஸில் கேள்விக்குறி இல்லை, மேலே கோடு போட்ட இங்கிலீஷ் எழுத்து மாதிரி கன்னாபின்னாவென்று வந்தது. அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

2025 ஜூன் 10, காலை 9.10 | குமுளி சாலை

ஒன்றே இல்லை. இந்த வித்தியாசத்தைத்தான் எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்விக்குறி என்றால் பெயர் போய்விட்டது. எக்ஸெல்லில் வெறும் 'சிஎஸ்வி கமா டீலிமிடெட்' என்று சேவ் செய்தால் அது விண்டோஸின் பழைய ஆன்சி எழுத்துப் பட்டியலில் எழுதும். நம் ஊர் கம்ப்யூட்டர்களில் அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளின் பட்டியல். அதில் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. இடமில்லாத ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி எழுதப்படுகிறது. 'முருகன்' போனால் ஏழு கேள்விக்குறி: மு, ரு, ன் ஒவ்வொன்றும் இரண்டு குறியீடு என்பதால் உண்மையில் எழுத்தைவிடக் கூடவே வரும். அதிலிருந்து மூலப் பெயரை எந்தக் கன்வெர்ட்டராலும் எடுக்க முடியாது. பணம் கேட்டு யாராவது செய்து தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள்.

கோடு போட்ட இங்கிலீஷ் எழுத்து வந்தால் பெயர் பத்திரமாக உள்ளே இருக்கிறது. ஃபைல் யுடிஎஃப் 8-இல் (எல்லா மொழிக்கும் இடமுள்ள எழுத்துமுறை) இருக்கிறது, எக்ஸெல் அதை ஆன்சி என்று நினைத்துப் படிக்கிறது, அவ்வளவுதான். யுடிஎஃப் 8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். அதைத் தவறாகப் படித்தால் ஒரு குறியீட்டுக்கு மூன்று எழுத்து வரும், முதல் எழுத்து எப்போதும் தலையில் கோடு போட்ட அதே 'ஏ'. அந்த 'ஏ' திரும்பத் திரும்ப வந்தால் நிம்மதியாக இருக்கலாம். சேவ் செய்யாமல் மூடுங்கள். எக்ஸெல்லை வெறுமனே திறந்து, டேட்டா பட்டையில் 'ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி', ஃபைலைக் காட்டி, ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோட் யுடிஎஃப் 8 தேர்ந்தெடுங்கள். தமிழ் கண்முன்னே வந்துவிடும்.

2025 ஜூன் 10, காலை 9.25 | குமுளி சாலை

மேலே சொன்ன எண்ணிக்கையை விரித்துச் சொல்கிறேன், சரிபார்க்க உதவும். 'முருகன்' என்பது ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி: ஏழு குறியீடு. ஆகவே ஏழு கேள்விக்குறி.

எக்ஸெல் 2016-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் சேவ் ஆஸ் பட்டியலில் 'சிஎஸ்வி யுடிஎஃப் 8' தனியாக உண்டு, பட்டியலின் மேல்பக்கத்திலேயே. தமிழ் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். 2010, 2013 வைத்திருப்பவர்களுக்கு அது கிடையாது. அவர்கள் 'யூனிகோட் டெக்ஸ்ட்' என்று சேவ் செய்து, நோட்பேடில் திறந்து, இரண்டு கட்டத்துக்கு நடுவில் இருக்கும் டேப் இடைவெளியைக் காப்பி செய்து, ரீப்ளேஸில் அதற்குப் பதில் கமா போட்டு, என்கோடிங் யுடிஎஃப் 8 என்று மாற்றி சேவ் செய்யலாம். ஏற்கெனவே முகவரியில் கமா இருந்தால் இந்த வழி குழப்பும். முதலில் அந்தக் கமாவை எடுத்துவிடுங்கள்.

2025 ஜூன் 10, பகல் 1.05 | கம்பம்

பழைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கிடைத்துவிட்டது, ஃபோல்டரிலேயே இருந்தது! ஆறு ஷீட்டும் இருக்கு, தமிழ்ப் பெயர் அப்படியே இருக்கு. ஆனால் சனிக்கிழமை அடித்த லாட் மட்டும் சிஎஸ்வியில்தான் இருக்கு. அதில் கிரேடு எல்லாம் தேதி. என்ன செய்ய?

2025 ஜூன் 10, பகல் 2.20 | போடி

கிரேடு விஷயம் இங்கே எல்லா ஆபீஸிலும் உண்டு. ஏலக்காயை மில்லிமீட்டர் சல்லடைக் கணக்கில் 6-7, 7-8, 8-க்கு மேல் என்று எழுதுகிறோம். நடுக்கோட்டைப் பார்த்ததும் எக்ஸெல் தேதி என்று எடுத்துக்கொள்ளும். கட்டத்தை ஜெனரல் என்று மாற்றினால் 45876 மாதிரி ஒரு எண் வரும், 7-8 வராது. புற்றடி ஏல லாட்டும் போடி ஏல லாட்டும் ஒரே ஷீட்டில் போடும்போது இது பெரிய தலைவலி.

2025 ஜூன் 10, மாலை 4.00 | குமுளி சாலை

45876 என்பது 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எக்ஸெல் எண்ணும் கணக்கில் 2025 ஆகஸ்ட் 7-க்கு வரும் எண். எக்ஸெல்லுக்குத் தேதி என்பதே இந்த எண்தான். 7-8 என்று நீங்கள் அடித்தது எங்கும் சேமிக்கப்படவில்லை. ஆனால் நாளும் மாதமும் தப்பியிருக்கின்றன, அதை வைத்து மீட்கலாம்.

கிரேடு பி நெடுவரிசையில் இருந்தால், பக்கத்துக் காலி நெடுவரிசையில் =இஃப்(இஸ்நம்பர்(பி2),டே(பி2)&"-"&மந்த்(பி2),பி2) என்று பார்முலா. பெயர்களை எல்லாம் இங்கிலீஷில் அடிக்க வேண்டும். '8 மேல்' போல எழுத்தாக நிற்கும் கட்டங்களை இது தொடாது. கடைசிவரை இழுத்து, காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் கொடுத்து பதியுங்கள். பதியும் நெடுவரிசையை அதற்கு முன்பே டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் பிறகு யாராவது அந்தக் கட்டத்தில் எஃப் 2 அழுத்தி என்டர் தட்டினாலே மறுபடி தேதியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் ரீஜன் அமெரிக்கா என்று இருக்கும் கம்ப்யூட்டரில் அதே 7-8 ஜூலை 8 ஆகியிருக்கும். அங்கே பார்முலாவில் மாதம் முன்னால், நாள் பின்னால். எந்தக் கம்ப்யூட்டரில் அடித்தது என்று தெரியாவிட்டால் எழுத்தைப் பாருங்கள்: உங்கள் கடையில் 7-8 உண்டு, 8-7 என்று யாரும் எழுத மாட்டார்கள். சின்ன எண் முதலில் வருகிற மாதிரி எது கொடுக்கிறதோ அதுதான் சரி.

இனிமேல் வராமல் இருக்க: அடிக்கும் முன் நெடுவரிசையை முழுதாகத் தேர்ந்தெடுத்து டெக்ஸ்ட் ஆக்குங்கள். ஒரு கட்டத்துக்கு மட்டும் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போதும். அடித்து முடித்த பிறகு டெக்ஸ்ட் ஆக்கினால் பயனில்லை, எண்தான் டெக்ஸ்ட் ஆகும்.

2025 ஜூன் 10, இரவு 9.45 | நகரி

ரீஜன் பற்றி எழுதியது எங்கள் பக்கம் அப்படியே நடக்கிறது. சித்தூர் பக்கத்து ஆபீஸ் ஃபைலில் 05/06/2025 என்று வந்தது இங்கே மே 6 ஆகத் திறக்கிறது. 13/06/2025 மட்டும் தேதியாகாமல் இடதுபக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

2025 ஜூன் 11, காலை 6.50 | குமுளி சாலை

இடதுபக்கம் ஒட்டி நிற்பதுதான் அடையாளம். 13-ஆவது மாதம் இல்லாததால் எக்ஸெல் அதை எழுத்தாக விட்டுவிட்டது. ஒரே நெடுவரிசையில் சில தேதி வலது, சில இடது என்றால் வலதுபக்கம் நிற்பவையும் தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள், அவை நாள் மாதம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. இடதுபக்கம் நிற்பதை மட்டும் கையால் திருத்துகிறவர்கள் அதிகம். மாதத்தின் முதல் 12 நாள் கணக்கு கிட்டத்தட்ட முழுவதும் தப்பாகவே போய்ச் சேரும்.

கண்ட்ரோல் பேனலில் ரீஜன், ஃபார்மேட் இங்கிலீஷ் இந்தியா. அதன்பிறகு அந்த சிஎஸ்வியைப் புதிதாக இம்போர்ட் செய்யுங்கள். ஏற்கெனவே தப்பாகத் திறந்து சேவ் செய்துவிட்டால் செட்டிங்கை மாற்றுவது மட்டும் அதைத் திருத்தாது.

2025 ஜூன் 11, காலை 10.30 | குமுளி சாலை

0908-க்கு வருகிறேன். ஏலக்காய் 0908, மிளகு 0904, காபி 0901, தேயிலை 0902. மலையிலிருந்து இறங்கும் இந்தச் சரக்கு எல்லாமே சைபரில் தொடங்குகிறது, ஆகவே நம் பக்கத்து ஆபீஸ்களுக்கு இது தினசரிப் பிரச்சினை.

சிஎஸ்வியை இரட்டைக் கிளிக்கில் திறந்தால் எக்ஸெல் எண் போலத் தெரிவதை எல்லாம் எண்ணாக எடுக்கும், முன்சைபரை உதிர்க்கும். இது சேவ் ஆகும்போது நடப்பதில்லை, திறக்கும்போது நடக்கிறது. அதே ஃபைலை நோட்பேடில் திறந்தால் 0908 அழகாக இருக்கும். சும்மா சரிபார்க்கலாம் என்று எக்ஸெல்லில் திறந்து, மூடும்போது சேவ் கேட்டதும் யெஸ் கொடுத்தால் அப்போதுதான் நிஜமாகப் போகிறது. ஆகவே வெளியே அனுப்பும் சிஎஸ்வியை எக்ஸெல்லில் சரிபார்க்கக் கூடாது. நோட்பேடில் பாருங்கள்.

அதேபோல நீள எண். பொது ஃபார்மேட்டில் 11 இலக்கம் தாண்டினால் 1.23457ஈ+11 என்று சுருக்கிக் காட்டும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலில் இது வெறும் தோற்றம், உள்ளே முழு எண் இருக்கும். சிஎஸ்வி மட்டும் கண்ணுக்குத் தெரிவதையே எழுதும். 12 இலக்க ஆதார் எண் அந்தச் சுருக்கமாகவே ஃபைலில் போய், முதல் ஆறு இலக்கம் தவிர மற்றது தொலைந்துவிடும். 16 இலக்க எண்ணுக்கு எக்ஸ்எல்எஸ்எக்ஸும் காப்பாற்றாது, ஏனென்றால் எக்ஸெல் 15 இலக்கம்வரைதான் வைத்திருக்கும், பதினாறாவதை சைபர் ஆக்கிவிடும். பேங்க் கணக்கு எண் நெடுவரிசை எப்போதும் டெக்ஸ்ட்.

தெரிவதையே எழுதும் என்ற குணம் நமக்கும் உதவும். எச்எஸ்என் நெடுவரிசைக்கு கஸ்டம் ஃபார்மேட்டில் நான்கு சைபர் போட்டால் 908 என்ற எண் 0908 என்று தெரியும், சிஎஸ்வியிலும் 0908 என்றே எழுதப்படும். இதே காரணத்தால் தொகை நெடுவரிசையில் 1,23,456.00 என்று கமாவோடு தெரிந்தால் ஃபைலிலும் கமாவோடு, சுற்றி மேற்கோள் குறியோடு போகும். பல பேங்க் தளங்கள் அதை ஏற்காது. தொகைக்கு கமா இல்லாத நம்பர் ஃபார்மேட் வையுங்கள்.

2025 ஜூன் 11, பகல் 12.10 | போடி

புது எக்ஸெல்லில் இதை நிறுத்தவே செட்டிங் வந்திருக்கு. ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா, அதில் ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வெர்ஷன். முன்சைபரை நீக்குவது, 15 இலக்கத்தில் வெட்டுவது, நடுவில் ஈ இருந்தால் சுருக்கம் ஆக்குவது, எழுத்தும் எண்ணும் சேர்ந்ததைத் தேதியாக்குவது, நாலுக்கும் தனித்தனி டிக். 2023 அக்டோபரில் விண்டோஸுக்கும் மேக்குக்கும் வந்தது.

2025 ஜூன் 11, பகல் 12.40 | குமுளி சாலை

ஆம், மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருந்தால் டிக் எடுத்துவிடுங்கள். ஆனால் கிரேடு 7-8-க்கு அதை நம்பாதீர்கள். அந்தத் தேதி டிக் 'மார்ச்1' மாதிரி இடைவெளி இல்லாமல் எழுத்தோடு சேர்ந்த எண்ணுக்கு வைத்தது. மனித மரபணுக்களுக்கே இந்தத் தொல்லையால் பெயர் மாற்றினார்கள்: 2020-இல் பெயரிடும் குழு மார்ச், செப்ட் என்று தொடங்கும் பெயர்களை எக்ஸெல் தேதியாக்குகிறது என்று வேறு பெயராக்கியது. இரண்டு எண்ணுக்கு நடுவே கோடு என்றால் இன்னமும் டெக்ஸ்ட் ஃபார்மேட்தான் காப்பு.

2025 ஜூன் 11, மாலை 5.35 | செங்கோட்டை

வேற பிரச்சினை. ஒரு தளத்திலிருந்து இறக்கிய ஸ்டேட்மெண்ட், பெயரின் வால் எக்ஸ்எல்எஸ், எக்ஸெல்லின் பழைய ஃபார்மேட். திறந்தால் ஃபார்மேட்டும் எக்ஸ்டென்ஷனும் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை. யெஸ் கொடுத்தால் திறக்கும். அதில் ரெண்டாவது ஷீட் போட்டு சேவ் செய்தால் எச்சரிக்கை வருது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று பெயரை மாற்றினால் திறக்கவே மாட்டேங்குது.

2025 ஜூன் 11, இரவு 8.15 | குமுளி சாலை

பெயரின் வாலை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு வெப் பக்கத்து அட்டவணை. தளம் அதற்கு எக்ஸ்எல்எஸ் என்று பெயர் வைத்து அனுப்புகிறது. எக்ஸெல் எக்ஸ்எல்எஸ் விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், எச்சரித்துவிட்டுத் திறக்கும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காது. அதனால்தான் பெயர் மாற்றியதும் நின்றுவிட்டது. பழைய பெயரையே வைத்துத் திறந்து, எதுவும் செய்வதற்கு முன் எஃப் 12 அழுத்தி, கீழே சேவ் ஆஸ் டைப்பில் எக்ஸெல் வொர்க்புக் தேர்ந்தெடுத்து வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். வேலையெல்லாம் அந்தப் புது ஃபைலில்.

எந்த ஃபைலானாலும் உள்ளே என்ன என்று அறிய ஒரு சுருக்கு வழி உண்டு: நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். பி, கே என்ற இரண்டு பெரிய இங்கிலீஷ் எழுத்தில் தொடங்கினால் அது ஜிப் பொட்டலம், அதாவது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் அல்லது லிப்ரே ஆபீஸின் ஓடிஎஸ். ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. ஓடிஎஸ் என்றால் அதே வரியில் மைம்டைப், ஓபன்டாகுமென்ட் என்ற சொற்கள் படிக்கும்படி தெரியும். கோண அடைப்புக்குறியும் டேபிள், எச்டிஎம்எல் என்ற சொல்லும் வந்தால் வெப் பக்கம். தெளிவாக எண்ணும் கமாவும் என்றால் சிஎஸ்வி. எதுவும் புரியாத குறிகளாக, நடுவே கோடு போட்ட இங்கிலீஷ் 'டி', அடுத்து தலையில் புள்ளி வைத்த 'ஐ' என்று தொடங்கிப் பெரும்பகுதி வெற்றிடமாக இருந்தால் பழைய எக்ஸ்எல்எஸ். பார்த்துவிட்டு சேவ் செய்யாமல் மூடுங்கள்.

2025 ஜூன் 11, இரவு 9.00 | போடி

ஒரு விதிவிலக்கு சேர்க்கணும். திறக்கப் பாஸ்வேர்டு போட்ட எக்ஸ்எல்எஸ்எக்ஸ் பி, கே-யில் தொடங்காது. பூட்டின ஃபைலை எக்ஸெல் பழைய எக்ஸ்எல்எஸ் மாதிரிப் பெட்டிக்குள் வைக்கும். நோட்பேடில் பார்த்துவிட்டு இது பழைய ஃபார்மேட் என்று பெயரை மாற்ற வேண்டாம்.

2025 ஜூன் 12, காலை 7.05 | குமுளி சாலை

சரியான திருத்தம். அந்த வகையில் மட்டும் நோட்பேட் சோதனை ஏமாற்றும்.

2025 ஜூன் 12, காலை 11.20 | வாளையார்

லாரி ஆபீஸ். ஈ-வே பில்லை மொத்தமாகத் தயாரிக்கும் எக்ஸெல் கருவி, ஜேசன் ஃபைல் செய்து தரும் பட்டன் உள்ளது. புதுப் பையன் சேவ் செய்த பிறகு பட்டன் இருக்கு, அழுத்தினால் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் குட்டி புரோகிராம்) இல்லை என்கிறது. இன்னொன்று: நாங்களே எழுதின மேக்ரோ ட்ரிப் ஷீட்டை எக்ஸ்எல்எஸ் பெயரில் சேவ் பண்ணும், இப்போ அதுவும் செங்கோட்டைக்காரர் சொன்ன அதே எச்சரிக்கை கொடுக்குது.

2025 ஜூன் 12, பகல் 1.50 | குமுளி சாலை

முதலாவது: எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக சேவ் செய்திருக்கிறார். அந்த ஃபார்மேட்டில் மேக்ரோவுக்கு இடமே இல்லை. சேவ் செய்யும்போது விபி ப்ராஜெக்டை, அதாவது மேக்ரோவை, வைக்க முடியாது என்று எக்ஸெல் கேட்டிருக்கும், யெஸ் கொடுத்ததும் மேக்ரோ கழன்றுவிட்டது. பட்டன் வெறும் படமாக நிற்கிறது. அந்த ஃபைலிலிருந்து மீட்க வழி இல்லை, கருவியைத் தளத்திலிருந்து மறுபடி இறக்குங்கள். அந்தக் கேள்வி வரும்போது நோ கொடுத்து, டைப்பில் மேக்ரோ எனேபிள்டு வொர்க்புக், அதாவது எக்ஸ்எல்எஸ்எம். இறக்கிய பிறகு பட்டன் வேலை செய்யாமல் சிவப்புப் பட்டை வந்தால் ஃபைலில் வலது கிளிக், ப்ராபர்ட்டீஸ், கீழே அன்பிளாக் டிக். இணையத்திலிருந்து வரும் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் 2022-லிருந்து தானாகத் தடுக்கிறது. அரசுத் தளத்திலிருந்து நீங்களே இறக்கியதற்கு மட்டும் அன்பிளாக் செய்யுங்கள், வாட்ஸாப்பில் வந்ததற்குச் செய்யாதீர்கள்.

இரண்டாவது: மேக்ரோவில் சேவ்ஆஸ் வரியில் ஃபைல் பெயர் மட்டும் இருக்கும், ஃபைல்ஃபார்மேட் எண் இருக்காது. எக்ஸெல் பெயரைப் பார்த்து ஃபார்மேட்டை முடிவு செய்வதில்லை. எண் கொடுக்காத புதுப் புத்தகத்தை அந்தக் கம்ப்யூட்டரின் வழக்கமான ஃபார்மேட்டில் எழுதும், இப்போது அது எக்ஸ்எல்எஸ்எக்ஸ். பெயர் எக்ஸ்எல்எஸ், உள்ளே எக்ஸ்எல்எஸ்எக்ஸ். எண்ணைச் சேருங்கள்: எக்ஸ்எல்எஸ்எக்ஸுக்கு 51, எக்ஸ்எல்எஸ்எம் 52, பழைய எக்ஸ்எல்எஸ் 56, வெறும் சிஎஸ்வி 6, சிஎஸ்வி யுடிஎஃப் 8-க்கு 62. 56 போட்டால் எச்சரிக்கை நிற்கும், ஆனாலும் பெயரையும் எண்ணையும் சேர்த்து எக்ஸ்எல்எஸ்எக்ஸ், 51 என்று மாற்றுவதே நல்லது. பழைய எக்ஸ்எல்எஸ்ஸில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசை, 256 நெடுவரிசைதான். புதியதில் 10,48,576 வரிசை.

அந்த எல்லை விளையாட்டில்லை. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ்ஸில் ஏற்றியது. எல்லை தாண்டிய வரிசைகள் உள்ளே வரவில்லை, 15,841 நோயாளிகள் கணக்கில் சேராமல் நின்றார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அத்தனை நாள் தாமதமானது. ஃபார்மேட் என்பது ஆபீஸ் அலுப்பு மட்டும் இல்லை.

2025 ஜூன் 12, மாலை 6.40 | தேவிகுளம்

இங்கே தமிழ்ப் பள்ளி. கேரளப் பள்ளிகளில் விண்டோஸுக்குப் பதில் கைட் லினக்ஸ், அதில் லிப்ரே ஆபீஸ். மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஓடிஎஸ்ஸாகப் போகும். எல்லை தாண்டி தேனிப் பக்கம் அனுப்பினால் திறக்கவில்லை என்கிறார்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகவே எப்போதும் சேவ் ஆக வைக்க முடியுமா?

2025 ஜூன் 12, இரவு 8.30 | குமுளி சாலை

முடியும், கம்பத்து ஆபீஸின் மூன்றாவது கம்ப்யூட்டருக்கும் இதுதான். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட் சேவ், ஜெனரல். கீழே டாகுமென்ட் டைப் ஸ்ப்ரெட்ஷீட் என்று மாற்றிவிட்டு, ஆல்வேஸ் சேவ் ஆஸ் இடத்தில் எக்ஸெல் என்று தொடங்கி 365 வரை என்று வரும் வரியை எடுங்கள். டைப்பை மாற்றாமல் விட்டால் ரைட்டருக்குத்தான் செட்டிங் ஆகும், பலர் தடுக்கி விழும் இடம் அதுதான். சேவ் செய்யும்போது எந்த ஃபார்மேட் என்று கேட்கும் பெட்டி வந்தால் ஓடிஎஃப் என்ற பட்டனை விட்டுவிட்டு எக்ஸெல் ஃபார்மேட் பட்டனைத் தேர்ந்தெடுத்தால் வந்த ஃபார்மேட்டிலேயே போகும். இது அந்த லாகினுக்கு மட்டும்.

பழைய கம்ப்யூட்டரில் இருப்பது லிப்ரே ஆபீஸா, அப்பாச்சி ஓபன் ஆபீஸா என்று பாருங்கள். ஓபன் ஆபீஸ் எக்ஸ்எல்எஸ்எக்ஸைத் திறக்கும், அதில் எழுதாது. அங்கே எவ்வளவு தேடினாலும் அந்த வரி கிடைக்காது, லிப்ரே ஆபீஸ் போட வேண்டியதுதான்.

சிஎஸ்வி விஷயத்தில் லிப்ரே ஆபீஸ்தான் நல்லது, தயங்காமல் சொல்வேன். திறக்கும்போதே பெட்டி காட்டும்: கேரக்டர் செட் யுடிஎஃப் 8, பிரிப்பான் கமா, கீழே மாதிரியில் எச்எஸ்என், கணக்கு எண், கிரேடு தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு டெக்ஸ்ட் என்று வைக்கலாம். சைபரும் தப்பும், 7-8-உம் தப்பும். சேவ் செய்யும்போது எடிட் ஃபில்டர் செட்டிங்ஸ் டிக் போட்டால் எழுத்துமுறையை மறுபடி கேட்கும். இரட்டைக் கிளிக்கில் திறந்தால் எக்ஸெல் இதில் எதையும் கேட்பதில்லை.

2025 ஜூன் 13, காலை 8.00 | போடி

பழைய பெயர்ப் பட்டியல் ஒன்று சிஎஸ்வி ஆக்கினதும் சம்பந்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தாக வந்தது. 65001 போட்டும் அதேதான்.

2025 ஜூன் 13, காலை 9.40 | குமுளி சாலை

அது பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. அங்கே தமிழ் தோற்றத்தில் மட்டும் இருந்தது, உள்ளே இங்கிலீஷ் எழுத்துதான். சிஎஸ்விக்கு எழுத்துரு தெரியாது, ஆகவே வேடம் கலைந்துவிட்டது. கேரள ஆபீஸ்களிலிருந்து வரும் பழைய எம்எல்-டிடி கார்த்திகா எழுத்துரு மலையாளப் பட்டியலும் இதே கதை. இதில் எதுவும் தொலையவில்லை. எக்ஸ்எல்எஸ்எக்ஸில் அந்த நெடுவரிசையின் எழுத்துரு பெயரைப் பார்த்து, அந்த எழுத்துருவுக்கான யூனிகோட் மாற்றியில் ஓட்டி, திரும்ப ஒட்டுங்கள். தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனியாக.

2025 ஜூன் 13, மாலை 3.15 | செங்கோட்டை

மழையில் கரண்ட் போய் வந்த பிறகு சர்வர் ஃபோல்டரில் எட்டு எழுத்து எண் கலந்த பெயரில் வாலே இல்லாத ஃபைல்கள் கிடக்கு. அழிக்கலாமா?

2025 ஜூன் 13, மாலை 4.05 | குமுளி சாலை

அழிக்காதீர்கள். எக்ஸெல் சேவ் செய்யும்போது முதலில் அப்படி ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, பிறகு பழையதை நீக்கி, பெயரை மாற்றும். நடுவில் அறுந்தால் அந்தத் தற்காலிக ஃபைல் நின்றுவிடும், சில சமயம் அதுதான் கடைசி வேலை உள்ள ஃபைல். காப்பி எடுத்து, வாலில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் சேர்த்துத் திறந்து பாருங்கள். கரண்ட் போகாமலே இவை தினமும் சேர்ந்தால், அந்த ஃபோல்டரில் உங்களுக்கு எழுத அனுமதி இருக்கிறது, நீக்க அனுமதி இல்லை என்று பொருள். சர்வர் பார்ப்பவரிடம் மாடிஃபை அனுமதி கேளுங்கள்.

2025 ஜூன் 14, பகல் 12.25 | கம்பம்

எல்லாம் சரி பண்ணியாச்சு. சம்பள ஷீட்டை மட்டும் சிஎஸ்வி யுடிஎஃப் 8-இல் எடுத்தோம். நோட்பேடில் பார்த்தால் தமிழ் இருக்கு, சைபர் இருக்கு, தொகைக்குள் கமா இல்லை. ஆனாலும் பேங்க் தளம் முதல் தலைப்பு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புது. தலைப்பு அவங்க மாதிரியில் இருக்கிற அதே சொல்தான்.

2025 ஜூன் 14, பகல் 1.10 | குமுளி சாலை

எக்ஸெல் யுடிஎஃப் 8 சிஎஸ்வியின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் போடும், பிஓஎம் என்பார்கள். அது முதல் தலைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நோட்பேடில் திறந்து, சேவ் ஆஸ், கீழே என்கோடிங்கில் 'வித் பிஓஎம்' இல்லாத வெறும் யுடிஎஃப் 8 தேர்ந்தெடுத்து சேவ் செய்து ஏற்றுங்கள்.

மாதாமாதம் இதைச் செய்வதைவிட, சம்பள ஷீட் தாவலில் வலது கிளிக், மூவ் ஆர் காப்பி, நியூ புக், க்ரியேட் எ காப்பி டிக். பார்முலா மூலப் புத்தகத்தைத் தேடாமல் இருக்க, அந்தப் புதுப் புத்தகத்தில் முழு ஷீட்டையும் காப்பி செய்து அதே இடத்தில் வேல்யூஸாக ஒட்டுங்கள். பிறகு பேங்குக்குத் தேவையில்லாத தமிழ்ப் பெயர் நெடுவரிசையை நீக்கிவிட்டு வெறும் சிஎஸ்வியாக சேவ் செய்து மூடுங்கள். இங்கிலீஷ் பெயரும் எண்ணும் மட்டும் என்றால் யுடிஎஃப் 8 தேவையில்லை, பிஓஎம்மும் வராது, ஆறு ஷீட் உள்ள மூல ஃபைலையும் யாரும் தொட மாட்டார்கள்.

2025 ஜூன் 14, மாலை 5.50 | கம்பம்

ஏறிவிட்டது. 0908-உம் சரியாகப் போயிருக்கு.